340 பிடிஎஃப், 600 ஃபோன் படம்: முன்னாய்வு இயலை எங்கிருந்து பிடிப்பது?

வாசகர் கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பு, தென்சென்னை ஏரிகளும் நகர விரிவாக்கமும். இரண்டு வருடத்தில் 340 பிடிஎஃப் சேர்ந்துவிட்டன. பாதி லேப்டாப்பில், பாதி பென் டிரைவில், மிச்சம் வாட்ஸ்அப்பில். நூலகங்களில் எடுத்த படங்கள் ஃபோனில் 600 இருக்கும். தலைப்புவாரியாக ஃபோல்டர் போட்டுப் பார்த்தேன். ஒரே கட்டுரை மூன்று ஃபோல்டரில் கிடக்கிறது. எதில் கோடு போட்டுப் படித்தேன் என்று தெரியவில்லை. முன்னாய்வு இயல், அதாவது முந்தைய ஆய்வுகளை மதிப்பிடும் பகுதி, என்று முப்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். "இது பட்டியல்மா, ரிவ்யூ இல்லை" என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதத்தில் டாக்டரல் கமிட்டி. எந்த மென்பொருள் நல்லது? தமிழ்ப் புத்தகங்களை என்ன செய்வது? அச்செடுத்துப் படிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமா?
- வாசகி, சேலையூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கோப்பு எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அந்தக் கோப்பு உங்கள் ஆய்வுக் கேள்விக்கு என்ன சொல்கிறது என்பது மற்றொன்று. தலைப்புவாரி ஃபோல்டர் இரண்டையும் ஒரே வீச்சில் தீர்க்கப் பார்க்கும், அங்கேதான் தவறுகிறது. பள்ளிக்கரணை பற்றிய ஒரு கட்டுரை வெள்ளத்தையும் பேசும், நிலப்பயன்பாட்டையும் பேசும், சட்டத்தையும் பேசும். அதை எந்த ஃபோல்டரில் போடுவீர்கள்? மூன்றிலும் போட்டீர்கள். மூன்று பிரதி ஆனது, கோடு ஒன்றில் மட்டும் விழுந்தது.

எனவே கோப்புகள் எல்லாம் ஒரே இடத்தில், எந்தப் பாகுபாடும் இல்லாமல் கிடக்கட்டும். பாகுபடுத்துவதற்கு வேறு இடம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மென்பொருளில், நூல்விவரங்களையும் பிடிஎஃப்களையும் சேர்த்து வைத்து மேற்கோளும் இட்டுத்தரும் ஜோடெரோவைப் பரிந்துரைக்கிறேன். இலவசம், திறமூலம். கல்லூரியை விட்டு மாறினாலும் உங்களோடு வரும். மெண்ட்லியோ எண்ட்நோட்டோ ஏற்கெனவே கைப்பழக்கமாக இருந்தால் மாற வேண்டியதில்லை; கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

கணினியில் ஜோடெரோவை நிறுவி, பிரௌசரில் அதன் இணைப்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 340 கோப்பையும் ஒரே நாளில் உள்ளே தள்ளாதீர்கள். ஐம்பது ஐம்பதாக இழுத்துவிடுங்கள். டிஓஐ எண் (இணையத்தில் ஒரு கட்டுரைக்கு உரிய நிலையான அடையாள எண்) உள்ள கட்டுரைகளின் ஆசிரியர், ஆண்டு, இதழ் விவரங்களை அதுவே தேடி எடுத்துக் கோப்புக்குப் பெயரும் வைத்துவிடும். ஸ்கேன் செய்த பிரதிகளுக்கும் அரசு அறிக்கைகளுக்கும் எதுவும் வராது. அவற்றுக்கு நீங்கள்தான் பதிவு உருவாக்க வேண்டும். ஒவ்வோர் ஐம்பதும் முடிந்ததும் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். தானாக வந்த விவரத்தில் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தாக இருக்கும், ஆண்டு விடுபட்டிருக்கும், இதழின் பெயர் சுருக்கமாக வந்திருக்கும். இதை இப்போது திருத்தினால் ஒரு பதிவுக்கு அரை நிமிடம். சமர்ப்பிக்கும் வாரத்தில் துணைநூற்பட்டியலில் உட்கார்ந்து திருத்தினால் இரவுகள் போகும். ஐம்பதும் சரியான பிறகு 'டூப்ளிகேட் ஐட்டம்ஸ்' பகுதியில் இரட்டைகளை ஒன்றிணையுங்கள். உங்கள் விஷயத்தில் 340 என்பது 270 ஆகச் சுருங்கினாலும் வியப்பில்லை.

மூன்று இடங்களில் வழக்கமாகத் தடுக்கி விழுவார்கள். முதலாவது, இட அளவு. ஜோடெரோ இலவசமாகத் தரும் சேமிப்பு 300 எம்பிதான். கோப்புக்கு இரண்டு மூன்று எம்பி என்று வைத்தாலே உங்களுடையது அதைத் தாண்டிவிடும். நூல்விவரங்களை மட்டும் இணையத்தில் ஒத்திசைத்துக்கொண்டு, பிடிஎஃப்களை வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். இரண்டாவது, இடம் போதவில்லை என்று ஜோடெரோவின் தரவு ஃபோல்டரையே கூகுள் டிரைவுக்கோ டிராப்பாக்ஸுக்கோ நகர்த்துவது. அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது ஒரு தரவுத்தளக் கோப்பு. ஜோடெரோ எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவும் அதை இழுத்தால் தரவுத்தளம் பழுதாகும். மூன்றாவது, தொகுப்புகள். ஜோடெரோவில் ஒரே பதிவை நான்கு தொகுப்பில் காட்டலாம், பிரதி ஒன்றுதான். ஆனால் தொகுப்பிலிருந்து நீக்குவது வேறு, குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது வேறு. இரண்டாவதை அழுத்தினால் நான்கு இடத்திலிருந்தும் போய்விடும்.

குறிச்சொற்களைக் குறைவாக வையுங்கள். இதழ்கள் தரும் குறிச்சொற்களைத் தானாகச் சேர்க்கும் வசதியை அமைப்பில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்தில் ஆயிரம் சொல் நிற்கும். படிப்பின் நிலையைக் காட்ட நான்கு வண்ணக் குறிகள் போதும்: பார்க்கவில்லை, மேலோட்டம் பார்த்தேன், முழுதாகப் படித்தேன், வேண்டாம். 'வேண்டாம்' என்பதை அழிக்காமல் வைத்திருங்கள், காரணத்தை ஒரு வரி எழுதி. ஆறு மாதம் கழித்து அதே கட்டுரையை யாராவது அனுப்புவார்கள்.

இனி தமிழ் நூல்கள். இங்கேதான் மென்பொருள் தடுமாறும், நாமும் சேர்ந்து தடுமாறுவோம்.

பெயரிலிருந்து தொடங்குவோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து உண்டு. மென்பொருளோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். உ. வே. சாமிநாதையரை ஆங்கிலத் தரவுத்தளங்கள் 'ஐயர், யு. வி. எஸ்.' என்று ஓரிடத்திலும் 'சாமிநாத ஐயர், யு. வி.' என்று இன்னோரிடத்திலும் வைத்திருக்கும். பட்டியலில் ஒரே மனிதர் இரண்டு ஆட்களாகிவிடுவார். முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் வரும் இடங்களில் இன்னும் மோசம், அந்த ஒற்றை எழுத்தே குடும்பப் பெயராகிவிடும். ஒவ்வொரு தமிழ் ஆசிரியரையும் திறந்து, பெயர் இடப்பக்கக் கட்டத்திலும் முன்னெழுத்து வலப்பக்கக் கட்டத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), பொதுப்பணித்துறை போன்ற நிறுவன ஆசிரியர்களுக்கு ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆண்டும் தகராறு செய்யும். பழைய நூல்களின் முகப்பில் 'விகாரி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1899-1900 ஆகலாம், 1959-60 ஆகலாம், 2019-20 கூட ஆகலாம். அச்சகத்தின் பெயர், விலை, முன்னுரையின் தேதி இவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு இருந்தால் 31ஐக் கழியுங்கள். 2031 என்றால் 2000. முதற்பதிப்பு ஆண்டும் கையிலிருக்கும் மறுபதிப்பு ஆண்டும் வேறாக இருந்தால் இரண்டையும் குறியுங்கள்; பக்க எண் எந்தப் பதிப்புக்கு உரியதோ அதுதான் மேற்கோளில் வர வேண்டும்.

அரசு ஆவணங்களிலும் இதே எச்சரிக்கை. 2015 வெள்ளம் பற்றிய சிஏஜி தணிக்கை அறிக்கை 2017ஆம் ஆண்டின் வரிசை எண்ணைத் தாங்கியது; சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதோ 2018இல். செய்தித்தாளைப் பார்த்து எழுதுபவர்கள் 2018 என்பார்கள், அறிக்கையைப் பார்த்தவர்கள் 2017 என்பார்கள். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்; அறிக்கையின் அட்டையில் உள்ளதே என் தேர்வு. அரசாணைக்குத் துறை, எண், நாள் மூன்றும் வேண்டும். எண் மட்டும் இருந்தால் பயனில்லை, ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். இணையத்திலிருந்து இறக்கிய அரசு பிடிஎஃப் என்றால் இறக்கிய தேதியையும் எழுதுங்கள். துறை இணையதளத்தைப் புதுப்பிக்கும் நாளில் பழைய முகவரி செத்துப்போகும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவிலிருந்து எடுத்த ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக வந்திருக்கும். அவற்றை அப்படியே இழுத்துவிட்டால் ஓர் ஆய்வேடு பன்னிரண்டு நூல் ஆகிவிடும். 'ஆய்வேடு' என்ற வகையில் ஒரே பதிவு உருவாக்கி எல்லாக் கோப்பையும் அதன் கீழே இணையுங்கள். உங்கள் 340இல் கணிசமான எண்ணிக்கை இதனால் ஊதியதாகக்கூட இருக்கலாம்.

600 படங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஃபோனில் அவை எடுத்த வரிசையில்தான் இருக்கும். தலைப்புப் பக்கம் எங்கே வருகிறது என்று பார்த்து அங்கங்கே வெட்டி, நூலுக்கு ஒரு பிடிஎஃப் ஆக்குங்கள். தலைப்புப் பக்கம் இல்லாமல் நடுப்பக்கம் மட்டும் இருக்கும் படங்கள் நிச்சயம் சில தேறும். தலைப்பு தெரியாத பக்கம் சான்று ஆகாது. ஒரு காகிதத்தில் குறித்து வைத்து, அடுத்த முறை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகும்போது தீர்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் எடுக்கும்போது ஒழுங்கு இதுதான்: முதலில் தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், பொருளடக்கம், பிறகு வேண்டிய பக்கங்கள், பக்க எண் சட்டகத்துக்குள் தெரியும்படி. கடைசியாக அழைப்பெண் எழுதிய முதுகு. கன்னிமாராவாக இருந்தாலும் தரமணி ரோஜா முத்தையா நூலகமாக இருந்தாலும் இதே ஒழுங்குதான். படமெடுக்க அனுமதியும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். மேசையில் கேட்டுவிட்டு எடுங்கள்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்க, கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தாலே ஓரளவு தமிழ் வந்துவிடும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். அங்கே இது உளறும். தேடுவதற்கு அது போதும், மேற்கோளுக்குப் போதாது. மேற்கோள் வரிகளைப் படத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று: இருபது வருடத்துக்கு முந்தைய தமிழ் பிடிஎஃப்களில் பல யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். அதில் 'ஏரி' என்று தேடினால் ஒன்றும் வராது. வரவில்லை என்பதால் அந்தச் சொல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றி கொண்டு தேவையான பகுதியை மாற்றிக்கொள்ளலாம்.

தேடும் சொற்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் தலைப்புக்கு இது முக்கியம். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் ஏரி என்பது 'டேங்க்'. இன்றைய சூழலியல் கட்டுரைகளில் 'லேக்' அல்லது 'வெட்லேண்ட்'. பாசன வரலாறு எழுதுபவர்கள் 'ஏரி' என்பதை அப்படியே ரோமன் எழுத்தில் போடுவார்கள். தமிழில் ஏரி, தாங்கல், குளம், சதுப்புநிலம், கழுவெளி. 'லேக்' என்று மட்டும் தேடியவருக்கு, தியாகராய நகர் எழுவதற்காக 1920களில் தூர்ந்த 'லாங் டேங்க்' கண்ணிலேயே படாது. மாவட்டப் பெயரும் அப்படித்தான். 1997 வரை செங்கல்பட்டு, பிறகு காஞ்சிபுரம், 2019 முதல் மீண்டும் செங்கல்பட்டு. சேலையூருக்கான புள்ளிவிவரத்தைத் தேடுபவர் ஆண்டைப் பார்த்துத்தான் மாவட்டத்தைத் தேட வேண்டும்.

அதனால் ஒரு தேடல் நாட்குறிப்பு வையுங்கள். தேதி, தேடிய இடம், போட்ட சொல், வந்த எண்ணிக்கை, எடுத்துக்கொண்ட எண்ணிக்கை என ஐந்து கட்டம். நூலக அட்டைப் பெட்டியில் தேடியதையும் எழுதுங்கள். கமிட்டியில் "இதைப் பார்த்தீர்களா?" என்று யாராவது கேட்டால் பதில் அதில் இருக்கும். உங்கள் ஆய்வு மையம் அரசு நிறுவனமாக இருந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தின் வழியாகப் பல கட்டண இதழ்கள் அங்கே திறக்கும். உங்கள் கல்லூரியில் திறக்காதவற்றை அங்கே போய் எடுத்துக்கொள்ளுங்கள். ஏஐ கருவி தந்த நூற்பட்டியலில் இருந்து எதையும் நேராகச் சேர்க்காதீர்கள். டிஓஐ திறந்து, அதே ஆசிரியர், அதே தலைப்பு என்று உறுதியான பிறகுதான் உள்ளே வர வேண்டும். இல்லாத கட்டுரைக்கும் அது அழகாக ஆண்டும் பக்கமும் போட்டுத் தரும்.

இப்போது நெறியாளரின் புகாருக்கு வருவோம். அவர் சொன்னது சரி. அந்த முப்பது பக்கத்தை எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆசிரியர் பெயரில் தொடங்குகிறதா? 'இன்னார் (2011) கூறுகிறார், இன்னார் (2014) ஆராய்ந்துள்ளார்' என்று போகிறதா? அப்படியென்றால் பிடிஎஃப்கள் இருந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

இதற்குத்தான் ஓர் அட்டவணை வேண்டும். எக்செல் போதும். ஒரு கிடைவரிசை ஒரு நூலுக்கு. நெடுவரிசைகளில் முதல் சில அடையாளத்துக்கு: ஆசிரியர்-ஆண்டு, எந்த ஏரி அல்லது எந்தப் பகுதி, எந்தக் காலம், எந்த வகைச் சான்று (செயற்கைக்கோள் படமா, வருவாய் ஆவணமா, நேர்காணலா). அடுத்தது 'மையக் கூற்று': ஒரே வாக்கியம், உங்கள் சொந்தத் தமிழில், பிடிஎஃப்பை மூடிவைத்துவிட்டு எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் நீங்கள் கோடுதான் போட்டிருக்கிறீர்கள், இன்னும் படிக்கவில்லை. அதன் பிறகு வரும் நெடுவரிசைகள்தான் உயிர். உங்கள் ஆய்வுக் கேள்விகள் நான்கோ ஐந்தோ, ஒன்றுக்கு ஒரு நெடுவரிசை. ஏரி சுருங்கியதற்கு யாரை, எதைக் காரணம் சொல்கிறார்கள்? பாசனம் நின்ற பிறகு ஏரியின் பொறுப்பு யாருக்குப் போனதென்கிறார்கள்? சென்னைப் பெருநகருக்கான 2008இன் இரண்டாம் முழுமைத் திட்டத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்? கடைசியாக 'யாரோடு முரண்படுகிறது' என்று ஒன்று.

ஒவ்வொரு கட்டத்திலும் பக்க எண் கட்டாயம். பக்க எண் இல்லாத குறிப்பு பிறகு அரைமணி நேரத் தேடலாகத் திரும்பி வரும். எழுத்தின் நிறத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள்: அவர்களுடைய சொல் அப்படியே என்றால் மேற்கோள் குறிக்குள் நீலம், நீங்கள் சுருக்கியது கறுப்பு, உங்கள் சொந்த எண்ணம் சிவப்பு. நான்கு மாதம் கழித்து எது யாருடைய வாக்கியம் என்று உங்களுக்கே மறந்துபோகும். பிளேஜியரிசம் சிக்கலில் மாட்டுபவர்களில் பலர் திருடியவர்கள் அல்ல, குறிப்பெடுக்கும்போது பிரிக்காதவர்கள். யுஜிசியின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீத ஒற்றுமை வரை தண்டனை இல்லை; 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். சதவீதம் குறைவாக வந்தாலும், குறியில்லாத ஒரு வாக்கியத்தை வைவா எனும் வாய்மொழித் தேர்வில் யாராவது கண்டுபிடித்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எல்லா நூலுக்கும் எல்லாக் கட்டமும் நிரப்ப முயலாதீர்கள், மூன்று மாதம் போதாது. முதல் சுற்றில் ஒன்றுக்கு ஐந்து நிமிடம்: சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, முடிவுரை, அட்டவணைகள். 340க்கும் சேர்த்து 28 மணி நேரம். நாளுக்கு ஒன்றரை மணி என்றால் மூன்று வாரத்துக்குள் முடியும். அதில் அறுபது எழுபதுதான் முழுவாசிப்புக்குத் தேறும், அட்டவணைக்கு அவை போதும். மற்றவை ஒரு வரியில், நான்கைந்தாகச் சேர்த்து, அடைப்புக்குறிக்குள் வரும்.

நிரம்பிய பிறகு அட்டவணையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரு நெடுவரிசையில் பதினைந்து கட்டம் இருந்தால், எட்டுப் பேர் ஆக்கிரமிப்பைச் சொல்வார்கள், நான்கு பேர் அரசே ஏரிப் புறம்போக்கை ஒதுக்கியதைச் சொல்வார்கள், மூன்று பேர் இரண்டையும் மறுப்பார்கள். ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்குச் சான்று வகை நெடுவரிசையைப் பாருங்கள். செயற்கைக்கோள் படம் வைத்தவர் ஒன்றையும் கோப்புகளைப் பார்த்தவர் இன்னொன்றையும் காண்பது இயல்பு. அந்த வேறுபாடுதான் உங்கள் பத்தி. வாக்கியத்தின் எழுவாய் காரணமாக இருக்கட்டும், ஆசிரியர் பெயர் அடைப்புக்குள் போகட்டும். வெறுமையாக நிற்கும் கட்டங்கள் ஆய்வு இடைவெளி ஆகலாம். அப்படி எழுதுவதற்கு முன் தேடல் நாட்குறிப்பைத் திறந்து, 'டேங்க்' என்றும் 'தாங்கல்' என்றும் தேடினீர்களா என்று பாருங்கள்.

எழுதும்போது வேர்டில் ஜோடெரோவின் பொத்தானால் மட்டுமே மேற்கோள் இடுங்கள். நெறியாளருக்கு அனுப்புவது எப்போதும் நகல். அவர் வேறு மென்பொருளில் திறந்து திருத்தித் திருப்பினால் மேற்கோள் இணைப்புகள் சாதாரண எழுத்தாக மாறிவிடக்கூடும். அவருடைய திருத்தங்களை உங்கள் மூலக்கோப்பில் கையால் ஏற்றுங்கள். துணைநூற்பட்டியலில் தமிழும் ஆங்கிலமும் தனித்தனியாக வேண்டுமா என்று உங்கள் பல்கலைக்கழக விதியை இப்போதே பாருங்கள். வேண்டும் என்றால் கடைசிக்கட்டத்தில் இணைப்பைத் துண்டித்த ஒரு பிரதியில் பிரித்துக்கொள்ளலாம். துண்டித்த பிறகு அந்தப் பிரதியில் இணைப்பை மீட்க வழி கிடையாது, ஆகவே மூலக்கோப்பைத் தொடாதீர்கள்.

அச்செடுத்துப் படிப்பதை விட வேண்டாம். நீண்ட கட்டுரைகளைத் தாளில் படிப்பது பலருக்கு நன்றாகவே நிற்கிறது. முதல் பக்கத்தின் வலது மூலையில் அட்டவணையில் உள்ளபடி ஆசிரியர்-ஆண்டு எழுதுங்கள். பாக்ஸ் ஃபைலில் ஆசிரியர் அகரவரிசையில் வையுங்கள், தலைப்புவாரியாக அல்ல. ஓரத்தில் எழுதிய குறிப்பு அன்று இரவே அட்டவணைக்கு ஏற வேண்டும். ஏறியதும் அந்த மூலையில் ஒரு டிக் போடுங்கள். டிக் இல்லாத தாள்கள் மேசையிலேயே கிடக்கட்டும், ஃபைலுக்குள் போக வேண்டாம்.